பாட்டுக்காரி வாசலில் நின்றால்

எங்கள் தெருவில் நான் நடந்து போனால் கதவு சாத்துகிற சத்தம் எனக்கு முன்னால் போகும். முதலில் காற்று என்றுதான் நினைத்தேன். கடலோர ஊரில் காற்றுக்கா பஞ்சம்? பிறகு ஒரு நாள் செருப்பு வார் அறுந்து, மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு வீட்டின் முன்னால் குனிந்தேன். உள்ளேயிருந்து மருமகள் ஓடி வந்தாள். "டீச்சர், கோச்சிக்காதீங்க. ரெண்டு வீடு தள்ளி நின்னு பாத்துக்கோங்களேன்" என்றாள். குரலில் மரியாதை குறையவில்லை. முகத்தில்தான் ரத்தம் இல்லை. அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

நான் சாவு வீட்டில் பாடுகிறவள். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்பதெல்லாம் பென்ஷன் ஆபீசுக்கு மட்டும்தான் ஞாபகம். எங்கள் பங்கில், அதாவது எங்கள் சர்ச்சைச் சேர்ந்தவர்களில், யார் செத்தாலும், கோயிலில் சாவு மணி அடித்து ஓய்வதற்குள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, ஜால்ராவையும் பாட்டுப் புத்தகத்தையும் நீலத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். பெட்டியை மூடுகிறவரை பாடுவேன், கல்லறைக்குப் போகும்போது ஊர்வலத்தின் முன்னால் பாடுவேன். புத்தகத்துப் பாட்டெல்லாம் முடிந்த பிறகு, போனவரைப் பற்றி நானாகவே நாலு அடி கட்டிப் பாடுவேன். அந்த நாலு அடிக்காகத்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

அதற்கு விஷயம் வீட்டுக்காரர்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எப்படிப்பட்டவர் என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில். பொறுமைசாலி, தைரியசாலி, யாரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாள் தவறாமல் பெண்டாட்டியை அடித்தவனையும் பொறுமைசாலி என்று பாடியிருக்கிறேன். அப்போது அந்தப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் பாடப் பழகிக்கொண்டேன்.

கல்யாணப் பத்திரிகைகள் வரும். வந்து பாடுங்கள் என்று யாரும் சொன்னதில்லை. ஞானஸ்நான விருந்துகளில் பிரியாணி தட்டு என் கைக்கு வரும், குழந்தை வராது. எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

வேலையில் இருந்த காலத்தில், பழைய பிரான்சில் ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்தவர்களைப் பற்றி ஒரு பாடம் நடத்தினேன். அவர்களை 'மெனெஸ்த்ரெல்' என்பார்கள். அந்தச் சொல்லின் வேரைத் தேடிக்கொண்டு போனால் 'ஊழியன்' என்று வந்து நின்றது. பிரபுவின் மாளிகையில் குதிரை தேய்ப்பவனும் விறகு சுமப்பவனும் பாடுகிறவனும் ஒரே பந்தி. பிரபு சிரிக்க விரும்பினால் சிரிக்க வைக்க வேண்டும், சண்டையில் ஜெயித்தால் புகழ வேண்டும், செத்தால் அழ வேண்டும். பின்னாளில் அமெரிக்காவில் அதே பெயரை வைத்துக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசி, அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பு மக்களைப் போல நடித்து, கேலியாகப் பாடி ஆடிக் காசு பார்த்தார்கள். இதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். வகுப்பில் ஒரு பெண், "மதாம், அப்ப பாட்டுன்னா யாரோ ஒருத்தருக்கு வேலைக்காரியா இருக்கறதா?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டதால் தப்பித்தேன்.

ஆசிரியர் அறையில் என் பக்கத்து நாற்காலிக்காரர் தமிழ் ஆசிரியர். வாதம் பண்ணாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. நான் இதைச் சொன்னதும், "நம்ம பாணன் மட்டும் இன்னா வாழ்ந்துட்டான்?" என்று ஆரம்பித்துவிட்டார். யாழைத் தூக்கிக்கொண்டு, பசித்த சுற்றத்தைக் கூட்டிக்கொண்டு, கொடுக்கிற கை எங்கே என்று காடு மேடெல்லாம் அலைந்தவன் பாணன். வழியில் பார்த்த இன்னொரு பாணனுக்கு, இன்ன ஊருக்குப் போ, அங்கே கிடைக்கும் என்று வழி சொன்னான். கொடுத்த மன்னன் செத்தால், இனி என்ன செய்வது என்று கையற்றுப் பாடினான். அந்தப் புலம்பலுக்குக் கையறுநிலை என்றே பெயர். முதலில் அரசனின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவனைக் காலம் போகப் போக ஊருக்கு வெளியே தள்ளிவிட்டார்கள் என்றார். பாட்டு வேண்டும், பாடுகிறவன் வேண்டாம். இதைக் கேட்டபோது எனக்கு என் தெருக் கதவுகள் ஞாபகம் வந்தன.

அவர் சொன்ன இன்னொன்றுதான் என் மனதில் தங்கிவிட்டது. போரில் காயம்பட்டவனைக் கொண்டுவந்து கிடத்தினால், வீட்டைச் சுற்றி வேப்பிலை செருகி, வெண்கடுகைப் புகைத்து, மணி அடித்துப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவார்களாம். உயிர் குடிக்க வருகிற பேய் அந்தச் சத்தத்துக்குக் கிட்டே வராது என்று நம்பிக்கை. சாவதற்கு முன்னாலேயே மணியா என்று கேட்டேன். "சாவக்கூடாதுன்னுதான் மணி" என்றார்.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவள் என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். புருஷன் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் போன பிறகு பிரெஞ்சு பென்ஷனும் அவளுடைய வாயும்தான் அவளுக்குத் துணை. ஒரே மகள் பாரீசில் இருக்கிறாள். கோயிலுக்கு எதிர்ச் சாரியில் இருந்த அவள் வீட்டில் தம்பியும் தம்பி பெண்டாட்டியும் கூட இருந்தார்கள். தெருவில் யார் வீட்டில் சண்டை நடந்தாலும் அவள் ஜன்னல் முதலில் திறக்கும். அந்த ஜன்னல் எனக்காக மூடியதே இல்லை.

அவளுக்கு இதயத்தில் வால்வு பழுது. ஆபரேஷன் செய்தால் பிழைக்க வழி உண்டு, தள்ளிப்போட்டால் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர் வாயையெல்லாம் அடைத்தவளுக்குக் கத்தி என்றால் நடுக்கம். முதல் தடவை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது திரு இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கு அணைந்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். இரண்டாம் தடவை கார் வரை வந்துவிட்டாள். எதிரே ஒரு சவ ஊர்வலம். முன்னால் பாடிக்கொண்டு வந்தது நான். அவள் கண்ணும் என் கண்ணும் சந்தித்தன. பாட்டை நடுவில் நிறுத்த முடியாது. நான் பாடிக்கொண்டே அவளைக் கடந்து போனேன், அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் தம்பி பெண்டாட்டி போன் செய்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். ஆபரேஷன் முடியற வரைக்கும் எங்க வூட்டுப் பக்கம் வராதீங்க. அண்ணி பயந்துக்கறாங்க." சரி என்றேன். அன்றிலிருந்து காய்கறி வாங்கக்கூடச் சுற்று வழியில்தான் போனேன். சினேகிதிக்காக இதைச் செய்ய எனக்குக் கஷ்டமில்லை. ஆனால் மூன்றாம் தடவையும் அவள் திரும்பி வந்தால் அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள், காலாப்பட்டுப் பக்கம் ஒரு அடக்கம் முடிந்து பஸ்சில் வந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது.

"எங்கடி இருக்க?" அவள்தான்.

"சாவுக்குப் போயிட்டு வரேன். பஸ்சுல இருக்கேன்."

"அப்படியே இங்க வா. அவ மார்க்கெட்டுக்குப் போயிருக்கா."

"சாவு வீட்டுலேந்து நேரா வரதா? குளிச்சுட்டு வரேன்."

"நீ குளிச்சுக் கிளம்பறதுக்குள்ள அவ வந்துடுவா. உன்ன உள்ள வுடமாட்டா. நாளைக்கு ஆஸ்பத்திரில படுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ உன் மூஞ்சியப் பாத்துக்கறேன். வந்து தொல."

போனேன். அதே வெள்ளைச் சேலை, தோளில் அதே நீலப் பை. அவள் வாசற்படியில் நான் ஏறியதும், தம்பி பெண்டாட்டி கூடையோடு தெருமுனை திரும்பியதும் ஒன்றாக நடந்தது. என்னைப் பார்த்தவுடன் அவள் கூடையைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். தக்காளி தெருவெல்லாம் உருண்டது. "ஐயோ, டீச்சர் வந்துட்டாங்களே" என்று அவள் போட்ட சத்தம் எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

டீக்கடையில் எங்கள் கோயில்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பூசைக்கு வேண்டியதை எடுத்து வைப்பதும் மணி அடிப்பதும் அவர் வேலை. நல்ல மனிதர், பயந்த சுபாவம். அந்த வீட்டில் நோயாளி இருப்பது அவருக்குத் தெரியும். வெள்ளைச் சேலையோடு நான் உள்ளே போவதைப் பார்த்தார், தலையில் கை வைத்து ஒருத்தி அலறுவதைப் பார்த்தார். வேறென்ன வேண்டும்? டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடியிருக்கிறார்.

நான் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, இளைத்துப் போயிட்டியே என்று சொல்லி வாய் மூடவில்லை, மணி விழுந்தது. சாவு மணி பூசை மணி மாதிரி இருக்காது. ஒன்று அடித்து, அதன் ரீங்காரம் அடங்கும்வரை காத்திருந்து, அடுத்தது அடிப்பார்கள்.

"யாருடி?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. எங்கள் பங்கில் அன்று காலைவரை சாவு ஏதும் இல்லை. போனை எடுத்துப் பங்கு வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தேன். யாரோ அவளுடைய படத்தைப் போட்டு, பக்கத்தில் மெழுகுவர்த்தி வைத்திருந்தார்கள். கீழே ஆழ்ந்த இரங்கல்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. மறைப்பதற்குள் அவள் எட்டிப் பார்த்துவிட்டாள்.

"நல்ல படமாப் போட்டிருக்கக்கூடாதா" என்றாள். உதடு வெளுத்திருந்தது.

அதற்குள் அவள் போன் அடித்தது. பாரீசிலிருந்து மகள். எடுத்தவுடன் அங்கே ஒரே அழுகை. "நான்தாண்டி பேசறேன். நான்தான், அம்மா. சாவல" என்று இவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். மகளுக்குக் காதில் ஏறவில்லை. தம்பி பெண்டாட்டி போனைப் பிடுங்கி, "டீச்சர் வந்தாங்க, அதப் பாத்துட்டு மணி அடிச்சுட்டாங்க" என்றாள். எதிர்முனையில் அழுகை சட்டென்று நின்றது. "அவங்களா?" என்று மகள் கேட்டது எனக்கும் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி பூமாலையோடு வாசல்வரை வந்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு ஓடினாள்.

மணி நின்றுவிட்டது. யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நின்ற பிறகுதான் அந்த வீடு பயங்கரமாக இருந்தது.

"நாளைக்கு நான் போவல" என்றாள் அவள். "மணியே அடிச்சாச்சு. இதுக்கு மேல ஒரு அடையாளம் வேணுமா?" அவள் கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. கெஞ்சினேன், திட்டினேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டாள். என்னால்தான் இவள் சாகப் போகிறாள் என்று தம்பி பெண்டாட்டி கதவோரம் நின்று பார்த்த பார்வையே சொன்னது.

வேறு ஒன்றும் தோன்றாமல்தான் அந்தத் தமிழ் ஆசிரியர் சொன்னதை அவளிடம் சொன்னேன். காயம்பட்டவன் பக்கத்தில் மணி அடித்துப் பாடுவார்களாம், பேய் வராமல் இருக்க என்று.

சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "பாடினா வராதாமா?"

"பாடற வரைக்கும் வராதுன்னு நம்பினாங்க."

"மணிதான் ஆச்சே. அப்பப் பாடு." இந்தப் பக்கம் திரும்பினாள். "புத்தகத்துல இருக்கறது வேணாம். நான் செத்தா எனக்குன்னு நாலு அடி கட்டுவியே, அது. பொய் சொல்லாத, மனசுல எப்பவோ கட்டி வெச்சிருப்ப."

கட்டித்தான் வைத்திருந்தேன். அவள் நோயில் விழுந்த நாளிலிருந்து, வேண்டாம் வேண்டாம் என்று தள்ளியும் அடிகள் தாமாக வந்து உட்கார்ந்திருந்தன. இந்தத் தொழில் புத்தியை அப்படியே பிடுங்கி எறிந்தால் தேவலை என்று இருந்தது. ஜால்ராவை எடுக்காமல் மெதுவாகப் பாடினேன்.

கடல்பார்த்த ஜன்னலிலே கையூன்றி நின்றவளே
கப்பல்போன திசைபார்த்துக் கண்பூத்துப் போனவளே
பொறுமைக்குப் பேரெடுத்துப்

"நிறுத்து" என்றாள். "நான் எந்தக் கப்பலப் பாத்தேன்? என் ஜன்னல்லேந்து கடலே தெரியாது. எதிர் வீட்டு சண்டையத்தான் பாத்துட்டு நின்னேன். அதப் போடு. பொறுமையா? நானா? உனக்கே சிரிப்பு வரல?"

சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. கட்டிலில் சாய்ந்துகொண்டு, பிள்ளைகள் நோட்டைத் திருத்துகிற மாதிரி என் பாட்டைத் திருத்தினாள். தைரியம் என்று ஒரு சொல் போட்டிருந்தேன். அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"சாவு வீட்டுல எல்லாரையும் தைரியசாலின்னு பாடற. நான் பயந்தேன்டி. ரெண்டு தடவ ஓடி வந்தேன். பயந்தான்னே பாடு. ஒருத்தியயாவது உள்ளபடி பாடு."

அவள் சொன்னபடி மாற்றி முதலிலிருந்து பாடினேன்.

எதிர்வீட்டுச் சண்டையெல்லாம் எட்டியெட்டிப் பார்த்தவளே
ஏசினவர் வாயடைக்க எதிர்த்துநின்ன வாய்க்காரி
சொல்தா பெண்டாட்டி சொல்லுக்கு அஞ்சாதவ
போறவழி தெரியாமப் பயந்துநின்ன பொம்பளையே

கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தடவ" என்றாள். மூச்சு வாங்கினாலும் கடைசி அடியை என்னோடு சேர்ந்து முணுமுணுத்தாள். தம்பி பெண்டாட்டி கதவோரம் நின்று காதைப் பொத்திக்கொண்டாள். கோயில்பிள்ளை வாசலில் வந்து, துண்டை முறுக்கிக்கொண்டு, யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். அவள் அவரைக் கூப்பிட்டு, "நல்லாத்தான் அடிக்கறீங்க. அடுத்த தடவ கேட்டுட்டு அடிங்க" என்றாள்.

மறுநாள் காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள் என்று தெரிந்தபோது நிலைகொள்ளாத சந்தோஷம். அதற்கு அடுத்த நாள் மகளும் விமானம் பிடித்து வந்து சேர்ந்துவிட்டாள் என்றார்கள். ஆபரேஷன் அன்று நான் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. என் நிழல் யார் மேலும் விழ வேண்டாம் என்று ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு அந்த நாலு அடியைப் பாடிக்கொண்டே இருந்தேன். பிறகு அரிசி களையப் போனேன், பால்காரர் வந்தார், பாட்டு நின்றுவிட்டது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் மதில்மேல் எட்டிப் பார்த்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். ஆபரேஷன் மேசையிலேயே போய்விட்டாளாம். இதயம் திரும்ப ஓடவில்லையாம்.

மறுநாள் உடலைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைச் சேலை கட்டினேன், பையை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். அவள் வாசலில் ஷாமியானா போட்டிருந்தது. ஜனங்கள் எனக்கு வழிவிட்டார்கள். எப்போதும் விடுகிற வழி இல்லை இது, ஒட்டிக்கொள்ளுமோ என்று ஒதுங்கினார்கள். நிலைப்படியில் மகள் நின்றாள். கையில் தூக்கி வளர்த்த பிள்ளை, வாய் திறந்து பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னைத் தாந்த் என்று, சித்தி முறை வைத்துக் கூப்பிட்டவள்.

"மதாம், உள்ள வர வேணாம்" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை. "உயிரோட இருக்கறவங்களுக்குச் சாவுப் பாட்டு பாடினீங்களாமே. மயக்க ஊசி போடற வரைக்கும் அம்மா அதையேதான் பாடிட்டு இருந்தாங்களாம். பயந்துநின்ன பொம்பளையேன்னு. நர்ஸ் சொன்னாங்க. பாடிட்டே இருந்து, அப்புறம் தூங்கிட்டாங்களாம்."

பாடுகிறவரைக்கும் வராது என்று நான்தான் சொன்னேன். மகளின் தோளுக்கு மேலே ஐஸ் பெட்டியின் கால்மாட்டுப் பக்கம் மட்டும் தெரிந்தது. கால் பெருவிரல்களை வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே யாரோ ஒருத்தி, புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, சுருதி சேராமல் பாடிக்கொண்டிருந்தாள். வந்த வழியே திரும்பினேன்.

என் வீட்டு வாசலில் கோயில்பிள்ளை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கண் சிவந்திருந்தது.

"வூட்டுக்காரங்க வந்து சொல்லிட்டாங்க டீச்சர். சாமியாரும் அடின்னுட்டாரு. கவுத்தப் புடிச்சா கை வர மாட்டேங்குது. அன்னிக்கு அடிச்சேன் பாருங்க." என் முகத்தையே பார்த்தார். "நீங்க பாத்தீங்களா? நெசமாத்தானா டீச்சர்?"

இந்த ஊரில் எத்தனையோ சாவைப் பார்த்தாயிற்று, இன்னார் செத்தார் என்று என் வாயால் யாரிடமும் சொன்னதில்லை. எப்போதும் மணி சொல்லும், நான் பின்னால் போவேன். இப்போது மணி என் வாயைப் பார்த்து நின்றது.

"நெசந்தான்" என்றேன். "போய் அடிங்க."

அவர் சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே போனார். முதல் மணி விழுந்து அதன் ரீங்காரம் அடங்குவதற்குள், வாசலிலேயே நின்று, அவள் திருத்திக் கொடுத்தபடி, ஒரு சொல் மாற்றாமல் ஆரம்பித்தேன். எதிர் வீட்டில் எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.